சுருட்டுப் பெட்டியால் வான்கோழியைக் கூப்பிட்ட அண்ணா

எங்கள் அண்ணா எம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரில் நானும் எழுத வேண்டும் என்று அண்ணி ஊரிலிருந்து கடிதம் போட்டிருந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் முன்னால் பேசவும் கூச்சப்படுபவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா வடமராட்சியில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். ஐயா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. அன்றிலிருந்து லொறியில் உதவியாளாகவும் பிறகு சாரதியாகவும் ஓடி எங்களை வளர்த்தார். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அண்ணியையும் இரண்டு பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு சுவிசுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தார். ஷாஃப்ஹவுசனுக்கு வெளியே, காட்டோரமாக இருந்த ஒரு பண்ணையில் வேலை கிடைத்தது. அடுத்த வருடம் நானும் வந்தேன். எனக்கும் அங்கேயே வேலை கேட்டு வாங்கித் தந்தார்.

நான் அங்கே நல்ல பெயர் எடுக்கவில்லை. ஜெர்மன் புரியாது, புரியவில்லை என்று சொல்லவும் வெட்கம். எல்லாவற்றுக்கும் "யா, யா" என்று தலையாட்டிவிட்டு மாறிச் செய்வேன். இன்னொரு பிழை விட்டால் வைத்திருக்க மாட்டேன் என்று பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். வேலை போனால் நான் அகதி முகாமுக்குத் திரும்ப வேண்டும். அண்ணாவும் நானும் பிரிய வேண்டிவரும்.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு மாலை, வான்கோழிப் பட்டியின் படலைக்கு நான் கொக்கி போட மறந்தேன். நத்தார்ப் பண்டிகைக்கு விற்க வளர்த்த பதினொரு வான்கோழிகளும் காட்டுக்குள் போய்விட்டன. காலையில் பண்ணைக்காரர் கேட்டபோது எனக்கு வாய் திறக்கவில்லை. தான்தான் மறந்தது என்று அண்ணா முன்னால் போய் நின்றார். உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை என்றார் பண்ணைக்காரர். நத்தாருக்கு முன் அவை வந்து சேராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றும் சொன்னார்.

நாங்கள் தீன் தகரத்தைத் தட்டிக்கொண்டு, ஊரில் கோழி கூப்பிடுவதுபோல "பா, பா, பா" என்று காடெல்லாம் திரிந்தோம். தட்டத் தட்ட அவை தூரப் போயின. மரத்தில் ஏறிப் படுக்கப் பழகின. ஆள் நிழல் கண்டாலே பறந்தன. மூன்றாம் நாள்தான் அண்ணாவுக்கு விளங்கியது. இறைச்சிக்குப் பிடிக்கும் நாளிலும் பண்ணைக்காரர் அதே தகரத்தைத்தான் தட்டுவார்.

"நாங்கள் கத்தியைக் காட்டியெல்லோ கூப்பிடுறம்," என்றார் அண்ணா.

இனி உயிரோடு பிடிக்க முடியாது, சுட்டாவது எடுப்போம் என்று பண்ணைக்காரர் துவக்கை எடுத்தார். அவரிடம் வேட்டை அனுமதி இருந்தது. ஆனால் கிட்ட வந்தால்தானே சுடலாம்? வேறாக அடைத்திருந்ததால் தப்பிப் போகாத தாய் வான்கோழி, காட்டுக்குப் போன தன் குஞ்சுகளைத் தேடிக் கூப்பிடுவதை அண்ணா ஒரு நாள் முழுவதும் கேட்டார். பிறகு பண்ணைக்காரரின் வெறும் சுருட்டுப் பெட்டியின் விளிம்பில் சோக்கட்டியைப் பூசி, ஒரு மரச்சில்லால் உரசி அதே சத்தத்தை எடுத்தார்.

மாலையில் நாயை விட்டுக் கூட்டத்தைக் கலைத்தோம். பிரிந்தவை விடிந்ததும் ஒன்றையொன்று தேடும் என்றார் பண்ணைக்காரர். விடிகிற நேரம் மூவரும் விழுந்து கிடந்த ஒரு மரத்தின் பின்னால் இருந்தோம். அண்ணா மூன்று தரம் உரசிவிட்டு நிறுத்தினார். எங்கோ ஒன்று பதில் கொடுத்தது. இன்னும் உரசுங்கோ என்று நான் அவசரப்படுத்தினேன்.

"என்ன, பந்திக்கு ஆள் கூப்பிடுறியோ? பேசாமல் இரு. அதுக்குக் கேட்டிட்டுது," என்று காதுக்குள் சொன்னார்.

கால் விறைக்கும் வரை இருந்தோம். கழுத்தை நீட்டி, ஓரடி வைத்து, நின்று நின்று ஒன்று வந்தது. அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்துவிட்டது. அது பறந்தது. பண்ணைக்காரரின் முகம் சிவந்தது. அண்ணா தன் கழுத்துத் துண்டைக் கழற்றி என் வாயைச் சுற்றிக் கட்டிவிட்டுக் காத்திருந்தார். ஒரு மணித்தியாலம் கழித்து ஒரே ஒரு தரம் உரசினார். இம்முறை அது எங்களுக்குப் பின்பக்கத்தால் வந்தது. பண்ணைக்காரர் மெல்லத் திரும்பிச் சுட்டார்.

நத்தாருக்கு முன் ஒன்பதை அப்படி எடுத்தோம். இரண்டை நரி கொண்டுபோயிருந்தது. பண்ணைக்காரர் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டு, வாட்டிய வான்கோழியை மேசை நடுவில் வைத்தார். இருவரும் வேலையில் இருக்கலாம் என்று அங்கேதான் சொன்னார். இறைச்சி என்றால் அண்ணாவுக்கு விருப்பம். ஆனால் அன்று உருளைக்கிழங்கு மட்டும் சாப்பிட்டார். திரும்பும்போது ஏன் என்று கேட்டேன்.

"என்ரை சத்தத்தை நம்பி வந்ததடா. அதை எப்பிடித் தின்னுறது?"

அதன்பின் கடைசிவரை அவர் வான்கோழி சாப்பிடவில்லை.

போன வருடம் நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பண்ணைக்காரர் ஒரு நாள் விடாமல் வந்து பார்த்தார். ஒரு நாள் பண்ணைக்காரர் பார்த்துவிட்டுப் போனபின், படலை விசயத்தை அவரிடம் சொல்லிவிடப் போகிறேன் என்று அண்ணாவிடம் சொன்னேன். அண்ணா சிரித்தார்.

"நான் எழும்பி வாறவரைக்கும் சொல்லிப்போடாதை. உன்னை நிப்பாட்டிப் போட்டால் மாட்டை ஆர் பார்க்கிறது?"

அவர் எழும்பி வரவில்லை.

அண்ணாவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதிமார், ஓல்டனிலும் ஆராவிலும் இருந்து ரயிலேறி வந்து இறுதிக் கிரியைகளை நடத்தித் தந்த நண்பர்கள், எனக்குச் சமைத்துக் கொண்டுவந்த குடும்பங்கள், ஊரில் அண்ணிக்குத் துணை நின்ற உறவினர்கள், இம்மலரை அச்சிட உதவியவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இறுதிக் கிரியையில் தொப்பியைக் கையில் பிடித்தபடி கடைசி வரிசையில் நின்ற பண்ணைக்காரருக்கும் நன்றி. இம்மலரின் முதல் பிரதியை அவருக்குத்தான் கொடுக்கப் போகிறேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே ஒரு வரியை மட்டும் ஜெர்மனில் பாடமாக்கி வைத்திருக்கிறேன். அன்று படலைக்குக் கொக்கி போடாமல் வந்தது அண்ணா அல்ல, நான்.