பாலத்தில் மட்டும் ஏற்றம்: கோலசிலாங்கூரிலிருந்து சுங்கை புரோங் வரை சைக்கிளில்

என் மனைவிக்கு சைக்கிள் ஓட்டி அவ்வளவாகப் பழக்கமில்லை, கோலசிலாங்கூர் பக்கம் மேடு இல்லாத வழி ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இருக்கிறது. 1984 ஆகஸ்டு பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை அந்த வழியில் என் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டிக்கொண்டு போனேன் என்று இத்தனை காலமாகச் சொல்லிவருகிறேன். உண்மையில் நடந்தது வேறு. அதையும் சேர்த்தே எழுதுகிறேன், வழி கேட்டவருக்கு அதுவும் உதவும்.

அக்கா ஸ்டெல்லா தமிழ்ப்பள்ளி ஆசிரியை, அப்போது வயது முப்பத்தெட்டு. குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் இடது கால் மெலிந்துவிட்டது. நடப்பாள், கொஞ்சம் இழுத்து. அந்த மாதம் அவளுக்கு வேறொரு பள்ளியில் தலைமையாசிரியை பதவி வந்தது. பள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தின் உள்ளே, எங்கள் வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. அம்மா படுக்கையில் இருந்ததால் அங்கேயே போய்த் தங்கவும் முடியாது. மோட்டார் சைக்கிள் என்றால் கியர் இடது காலில். ஆக மிச்சம் இருந்தது சைக்கிள்தான். போக வர பதினெட்டு கிலோமீட்டர், தினமும். பதவியை ஏற்கிறேன், இல்லை என்று திங்கட்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும்.

"ஒரே ஒரு நாள் நீளமா ஓட்டிப் பார்த்துருவோம். முடிஞ்சா எழுதிக் குடுக்கறேன், முடியலன்னா விட்டுடறேன்" என்றாள் அக்கா. வழி போடும் வேலை எனக்கு வந்தது. எனக்கு வயது இருபத்தாறு. பத்து கியர் ரேசிங் சைக்கிள் வைத்திருந்தேன், அதைவிடப் பெரிய கர்வமும் வைத்திருந்தேன்.

மலாவாத்தி மலை அடிவாரத்திலிருந்து காலை 6.40க்குக் கிளம்பினோம். அக்காவுடையது பச்சை நிறப் பெண்கள் சைக்கிள், குறுக்குக் கம்பி இல்லாதது. இடது கால் மிதியிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும் என்பதால், பழைய டியூபிலிருந்து ஒரு பட்டை வெட்டி, காலை மிதியோடு சேர்த்துக் கட்டிக்கொள்வாள். நிற்கும்போதெல்லாம் குனிந்து அவிழ்க்க வேண்டும், ஏறும்போதெல்லாம் கட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவள் அதைக் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

முதல் கிலோமீட்டரிலேயே சிலாங்கூர் ஆற்றுப் பாலம் வந்துவிடும். இந்த வழி முழுக்க ஏற்றம் என்று சொல்ல இருப்பது இது ஒன்றுதான். அக்கா பாதியில் இறங்கிவிட்டாள். பட்டையை அவிழ்த்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேலே வந்தாள். கீழே மீன் படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. பாலத்தைத் தாண்டினால் பாசிர் பெனம்பாங், காற்று முழுக்கக் கருவாடு. நின்று பார்க்க வேண்டிய இடம். நாங்கள் நிற்கவில்லை, எனக்குத்தான் அவசரம்.

அங்கிருந்து தஞ்சோங் காராங் வரை கடலோரச் சாலை, நல்ல தார், தென்னையும் வாழையும் இருபுறமும். பாலத்தையும் சேர்த்து 14 கிலோமீட்டர். லோரிகள் உரசிக்கொண்டு போவது ஒன்றுதான் தொந்தரவு. புதிதாக ஓட்டுகிறவர்கள் ஏழு மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். நான் முன்னால் போய் நிற்பதும் அக்கா வந்து சேர்வதுமாக 8.15க்குத் தஞ்சோங் காராங் போனோம். ஒரு மலாய்க்காரர் கடையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, ஆளுக்கு ஐம்பது காசு. தேநீர் நாற்பது காசு. அக்கா முகம் சிவந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். "கால் வலிக்குதுதான். ஆனா தாங்கற வலி" என்றாள்.

அப்போதுதான் முத்தையா அண்ணன் வந்தார். எங்கள் தெருக்காரர், தஞ்சோங் காராங் அரிசி ஆலையில் லோரி ஓட்டுகிறவர். நேராக அக்காவின் சைக்கிளைப் பிடித்தார்.

"என்ன டீச்சர், ஏத்திரலாமா? தம்பி எட்டரைக்கு வரச் சொன்னிச்சு. நீங்க இதுக்கு மேல தாங்க மாட்டீங்கன்னு சொன்னிச்சு லா."

அக்காவுக்குத் தெரியாமல் நான் செய்திருந்த ஏற்பாடு அது. நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்று அன்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா தேநீரைக் கடைசிவரை குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் விழுந்தா தூக்க நீ வந்திருக்கன்னு நெனச்சேன் தாஸ். நீ நான் விழுவேன்னு முடிவு பண்ணிட்டு வந்திருக்க."

அக்கா முத்தையா அண்ணனிடம், "நீங்க மூட்டை ஏத்தப் போங்கண்ணே, உங்களுக்கு ஏன் வீண் சிரமம்" என்று மரியாதையாகச் சொன்னாள். பிறகு குனிந்து காலைக் கட்டினாள். மணி 8.45.

சுங்கை புரோங்குக்குப் பெரிய சாலையிலேயே போகலாம். அக்கா அதை விட்டுவிட்டு வாய்க்கால் ஓரச் செம்மண் பாதையில் திருப்பினாள். "பள்ளிக்கூட ரோடு இப்படித்தான் இருக்கும்" என்றாள், திரும்பிப் பார்க்காமல். வலது பக்கம் வாய்க்கால், அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டும் வரை நெல் வயல். இந்தப் பயணத்தில் மிக அழகான பகுதி இதுதான். நான் ஒன்றையும் ரசிக்கவில்லை. கோபம், வெட்கம், இரண்டும் சேர்ந்து என்னை வேகமாக மிதிக்க வைத்தன. அவளைத் தாண்டிப் போய் சமாதானம் பேசலாம் என்று போனவன், ஒரு பெரிய கல்லின் மேல் முன் சக்கரத்தை விட்டேன்.

டியூப் வால்வு ஓரமாகவே கிழிந்துவிட்டது. ஒட்டுப்போட வழியில்லை. ரேசிங் சைக்கிளின் மெல்லிய டயர் செம்மண்ணுக்கு ஆகாது என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தவன் நான். மணி 9.20, தஞ்சோங் காராங் ஐந்து கிலோமீட்டர் பின்னால், சுற்றிலும் ஒரு ஆள் இல்லை.

அக்கா வந்து நின்றாள். பட்டையை அவிழ்க்கவில்லை, ஒரு காலை ஊன்றியபடியே பார்த்தாள். "நீ இங்கயே நிழல்ல உக்காரு. முத்தையா அண்ணன் இன்னும் ஆலையிலதான் இருப்பாரு. நான் போய்ச் சொல்லி அனுப்பறேன்."

"தனியாவா போவ?"

"பள்ளிக்கூடத்துக்குப் போறப்ப பின்னாடி யாரு வரப்போறா?"

போய்விட்டாள். ஒரு மணி நேரம் வாழை மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் அவளை மனதுக்குள் எத்தனை முறை வாய்க்காலில் தள்ளியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கால் மிதியோடு கட்டியிருக்கிறதே, விழுந்தால் எப்படி அவிழ்ப்பாள்? எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. ஆனால் பயந்து பயந்து ஓய்ந்த பிறகு ஒன்று உறைத்தது. காலை முழுக்க அவள் ஓட்டியது ஒரு சோதனையே இல்லை. நான் கூடவே இருந்தேன், கடிகாரத்தோடு. இப்போது ஓட்டுவதுதான் சோதனை.

10.25க்கு லோரி வந்தது. முன் இருக்கையில் அக்கா இல்லை.

"அக்கா எங்கண்ணே?"

"ஏற மாட்டேன்னுட்டாங்க தம்பி. உன்னை ஏத்திக்கிட்டு வீட்டுல விடச் சொன்னாங்க. பத்து மணிக்கே கிளம்பிட்டாங்க லா."

அரிசி மூட்டைகள் மேல் என் பத்து கியர் சைக்கிளைப் படுக்க வைத்தோம். தஞ்சோங் காராங்கில் ஒரு கடையில் மூட்டை இறக்கிவிட்டுக் கிளம்பும்போது பதினொன்று. சாலையோரம் ஒவ்வொரு மரத்தடியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். உட்கார்ந்திருப்பாள், படுத்திருப்பாள். எங்கும் இல்லை. பாசிர் பெனம்பாங்கும் தாண்டிவிட்டது.

பாலத்தில்தான் பிடித்தோம். தள்ளவில்லை, ஓட்டிக்கொண்டிருந்தாள். சாலை ஓரத்தில் ஆமை வேகம், வலது கால் அழுத்தும்போது உடம்பு முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது, ஆனால் சக்கரம் நிற்கவில்லை. உச்சி வெயில், பிளவுஸ் முதுகோடு ஒட்டியிருந்தது. "நிறுத்துங்கண்ணே" என்றேன்.

"நிறுத்தினா உன்னையும் திட்டுவாங்க, என்னையும் திட்டுவாங்க" என்று முத்தையா அண்ணன் அவளை விட்டு நன்றாக விலகி ஓட்டினார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்திருப்பாள்.

வீடு வந்தவள் சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "டியூப் என்ன வெல?" என்று மட்டும் கேட்டாள். திங்கட்கிழமை கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அன்று அவள் ஓட்டியது 38 கிலோமீட்டர்.

இனி வழி கேட்டவருக்கு. தஞ்சோங் காராங் வரை போய்த் திரும்ப 28 கிலோமீட்டர், யாரும் ஓட்டலாம். சுங்கை புரோங் இன்னும் ஏழு கிலோமீட்டர். அதற்கு அடுத்த மாதம் நான் தடித்த டயரோடு போய்ப் பார்த்தேன், போக வேண்டிய இடம்தான். செம்மண்ணில் குறுகிய டயர் வேண்டாம், மாற்று டியூப் ஒன்று கட்டாயம். தண்ணீர் ஆளுக்கு இரண்டு புட்டி. மெதுவாக ஓட்டுகிறவரை முன்னால் விடுங்கள், அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். முடியாவிட்டால் என்ன செய்வது என்ற ஏற்பாடு தேவைதான். அதை அவரிடமே கேட்டுச் செய்யுங்கள். கைக்கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள், விடியும் முன்பே எழுந்து புது டியூப் போட்ட சைக்கிளை வெளியே எடுத்தேன். அக்கா வாசலில் குனிந்து காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"சும்மாதான். ஒரு சுத்து."

"அப்ப அந்தப் பக்கம் போ" என்று பாலம் இருக்கும் திசையைக் காட்டிவிட்டு, தோட்டத்துப் பக்கம் மிதித்தாள்.

நான் பாலத்துப் பக்கம் போனேன்.