குங்குமச் சிமிழ் நிரப்பிய கை

என் மகள் பரிசுப் பெட்டிகளை அஞ்சலில் அனுப்பி விற்கத் தொடங்கியபோது, அத்தொழிலில் எனக்குக் கிடைத்த பணி வாழ்த்து அட்டை எழுதுவது. ஆயுளில் பெரும்பகுதியைத் தமிழ் கற்பிப்பதிற் கழித்து ஓய்வு பெற்ற எனக்கு அது பொருத்தமானதென்றே இருவரும் எண்ணினோம். ஓராண்டின் பின் அப்பணியை நானாகவே விட்டு, வேறொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதன் உண்மைக் காரணத்தை அவளுக்குச் சொல்லவில்லை.

அவள் கணவர் யாழ்ப்பாண நகரில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். ஒருநாட் காலை வேலைக்குப் புறப்படச் சப்பாத்து அணிந்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்தார், பிறகு எழவில்லை. பிள்ளைகள் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்த மறுவாரம் அவள், நகரை அடுத்த தீவொன்றில் மடத்துவெளியிலுள்ள என் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் மனைவி அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே காலமாகியிருந்தாள். ஆகவே வீட்டில் நாங்கள் இருவரே.

வெளிநாட்டிலிருக்கும் என் மகன் அனுப்புவது எங்கள் சீவியத்துக்குப் போதுமானது. மகளுக்கு அது போதவில்லை.

"தம்பி அனுப்புறதில சாப்பிட்டிட்டு, பகல் முழுக்க முத்தத்தைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது அப்பா. எனக்கெண்டு ஒரு வேலை வேணும். நான் செய்தனான் எண்டு சொல்லக்கூடிய வேலை" என்றாள்.

எங்கள் தீவுகளிலிருந்து போய்ப் பிறநாடுகளில் வாழ்வோர், இலங்கையின் பல இடங்களிலும் உள்ள தம் உறவினருக்குப் பிறந்தநாளுக்கும் புதுவீட்டுக் குடிபுகலுக்கும் ஏதாவது அனுப்ப விரும்புவார்கள். அவர்களுக்காகவே அவள் பெட்டிகளை ஆயத்தஞ் செய்தாள். நகரிலிருந்து அட்டைப் பெட்டிகளை வாங்கி வந்து, உள்ளே கீறிய கடதாசி பரப்பி, ஓலைக் குட்டானில் அடைத்த பனங்கட்டி, பயத்தம் பணியாரம், எள்ளுருண்டை, ஓலையாற் பின்னிய சிறுகூடை என ஒவ்வொன்றாக அடுக்குவாள். அடுக்கியதைக் கைப்பேசியிற் படம் பிடித்து அனுப்புவாள். அவர்கள் ஒப்புக்கொண்ட பின்னரே பெட்டியை மூடுவாள்.

முதற் பெட்டி மாரிகாலத்திற் போயிற்று. பனங்கட்டி ஈரத்தில் இளகி என் வாழ்த்து அட்டையை முழுவதும் நனைத்துவிட்டது. பெட்டியைப் பெற்றவர்கள் ஒரு சொல்லைத்தானும் வாசிக்க முடியாமற் போயிற்றாம்.

"உங்கட தமிழ் நல்ல இனிப்பா இருந்ததாம் அப்பா" என்றாள் மகள்.

கணவரை இழந்தபின் அவள் வாயிலிருந்து வந்த முதற் பகடி அதுதான். அன்றே இத்தொழில் நிலைக்கவேண்டுமென நான் விரும்பத் தொடங்கினேன்.

பெட்டிகளை உப தபாலகத்துக்குச் சைக்கிளிற் கொண்டுபோவது என் பொறுப்பு. அங்கே நிறுத்து முத்திரையிடும் பெண்மணி வாய்த்துடுக்கு மிக்கவர்.

"வாத்தியார், சாமான் பாரமில்லை. நீங்கள் எழுதிற வாழ்த்துத்தான் பாரம். கொஞ்சம் சின்னனா வாழ்த்துங்கோவன்!" என்பார்.

ஓராண்டு கழிந்தபோது திருமணத்துக்குரிய பெட்டிகளைக் கேட்கத் தொடங்கினார்கள். அவற்றில் மஞ்சள், கற்கண்டு, பஞ்சிற் பொதிந்த கண்ணாடி வளையல், மரத்தாற் கடைந்த சிறு குங்குமச் சிமிழ் ஆகியவை இடம்பெற்றன. முதன்முதல் அத்தகைய பெட்டியை அவள் ஆயத்தஞ் செய்த பிற்பகலில் நான் மேசைக்கு எதிர்ப்புறத்தில் அமர்ந்து அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். அவள் சிமிழில் குங்குமத்தை நிரப்பிப் பெருவிரலால் அழுத்தினாள். விரல் சிவந்திருந்தது. நெற்றியில் திருநீறு மட்டுமே இருந்தது. அவற்றை ஒருங்கே கண்டதும் பேனாவைக் கீழே வைத்தேன்.

"பிள்ளை, அதை இங்கை தா. நான் நிரப்புறன். நீ அட்டையை எழுது" என்றேன்.

"ஏன் அப்பா?"

"என்ர கை இப்ப நடுங்குது. எழுத்து வடிவா வரேல்ல."

"நடுங்கிற கையாலயோ குங்குமம் நிரப்பப் போறியள்? மேசையெல்லாம் சிவக்கப் போகுது!"

சிரித்துக்கொண்டே சிமிழை என் பக்கம் தள்ளினாள். என் கை அக்காலத்தில் நடுங்கவில்லை. அன்று முதல் மஞ்சளையும் குங்குமத்தையும் வளையலையும் நான் வைத்தேன். அவள் அட்டைகளை எழுதினாள். கணவரை இழந்தவளின் கை பட்டதென்று நாளை எவரும் சொல்லிவிடக்கூடாது, அவள் தொழில் கெட்டுவிடக்கூடாது என்பதற்காகவே அவ்வாறு செய்வதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மனைவி மறைந்தபின்னும் ஊர்த் திருமணங்களில் எனக்கு முன்வரிசையிற் கதிரை போடுவார்கள். மணமக்களை வாழ்த்திப் பேச அழைப்பார்கள். தாலி வைத்த தட்டைச் சபையோர் தொட்டு ஆசி கூறுவதற்காகக் கொண்டுவரும்போது, முதலில் என்னிடமே நீட்டுவார்கள், நானும் தொடுவேன். மகள் திரும்பி வந்தபின் நாங்கள் ஒன்றாகச் சென்ற ஒரு திருமணத்தில், அத்தட்டு, பெண்கள் இருந்த பக்கம் வருமுன்னர் அவள் எழுந்து, சமையல் நடந்த குசினிப் பக்கம் போனதைக் கண்டேன். எவரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அவளாகவே போனது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை எண்ணி நான் பிற்பாடு பட்ட வெட்கம் பெரிது.

கனடாவில் வாழும் ஒரு பெண் ஒருமுறை பன்னிரண்டு பெட்டிகள் வேண்டுமெனக் கேட்டிருந்தாள். எங்கள் ஊரவள், என்னிடம் படித்தவள். திருகோணமலையில் நடக்கவிருந்த தன் தமக்கையின் மகளான பெறாமகளின் திருமணத்துக்கு வரமுடியாததால், மணமகளுக்கும் உறவினர் வீடுகளுக்கும் அவற்றை அனுப்ப விரும்பினாள். எங்களுக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பெரிய வேலை அது. மகள் பத்துநாள் பாடுபட்டாள். வளையல்கள் உடையாதிருக்க ஒவ்வொரு பெட்டியிலும் தனி அறை வைத்து ஒட்டினாள். பெட்டிகள் பன்னிரண்டும் நிறைந்து, மூடி ஒட்டவேண்டியது மட்டுமே எஞ்சியிருந்த நாளில், மகளின் கைப்பேசி ஒலித்தது. அவள் கிணற்றடியில் நின்றாள். நானே எடுத்தேன், அந்தக் கனடாப் பெண்தான். எனக்குக் காது மந்தமாதலால் ஒலியைக் கூட்டி மேசையில் வைத்துப் பேசுவதே வழக்கம்.

"சேர், குறை நினைக்கக்கூடாது. கலியாணப் பெட்டியெல்லோ. எனக்கு ஒண்டுமில்லை, அம்மாதான் கேட்டுக் கேட்டு அரியண்டம் பண்ணுறா. மஞ்சள் குங்குமம் ஆர் வைக்கிறது? மகளோ?"

"இல்லைப் பிள்ளை. அம்மாவை யோசிக்க வேண்டாமெண்டு சொல்லும். அவள் அதுகளைத் தொடுறேல்ல. எப்பவும் நான்தான் வைக்கிறனான்."

"அதுதானே! சேருக்குத் தெரியாததோ எண்டு அம்மாவுக்கு அப்பவே சொன்னனான்."

கைப்பேசியை அணைத்துவிட்டு நிமிர்ந்தேன். மகள் வாசலில் நின்றாள். முகத்தில் கிணற்று நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. மேசையிலிருந்த ஒட்டுநாடாவை எடுத்து அலுமாரியினுள் வைத்துப் பூட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் அவள் பெட்டிகளின் பக்கம் வரவில்லை. சமைத்தாள், எனக்குப் பரிமாறினாள், கேட்டதற்கு ஓம், இல்லை என்று மட்டும் விடை சொன்னாள். மூன்றாம் நாள் நண்பகல், சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்:

"அப்பா, அம்மா செத்த பிறகு எத்தினை கலியாணத்தில தாலியைத் தொட்டிருப்பியள்?"

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்தேன்.

"உங்களை ஆரும் எழும்பிக் குசினிக்குப் போகச் சொன்னவையோ?"

"ஊர் கேக்குமெண்டு பயந்தனான் பிள்ளை. உன்ர வேலை கெட்டுப்போகுமெண்டு..."

"ஊர் இப்பதான் கேக்குது. நீங்கள் அதுக்கு முதலே கேட்டிட்டியள்."

சோற்றிற் கைவைத்தபடி இருந்தேன். வழக்கம் இவ்வாறு, சாத்திரம் இவ்வாறு என்று சொல்ல எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் என் கையும் துணையை இழந்தவனின் கைதான் என்பதை இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கவில்லை. எவரும் கேளாத காலத்தில், அவள் சிரித்துக்கொண்டிருந்த வேளையில், அவள் முன்னிருந்த சிமிழை நானே வாங்கிக்கொண்டேன்.

"இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?" என்றேன்.

"பன்ரண்டு பெட்டியும் நான் செய்தது. என்ர கையாலதான் செய்ததெண்டு சொல்லிப் போகோணும். ஏலாதெண்டால் போகவேண்டாம்."

அன்று மாலை, கனடாவில் விடிந்திருக்கும் நேரம் பார்த்து, நானே அழைத்தேன். மகள் அருகில் நின்றாள்.

"பிள்ளை, அண்டைக்கு உமக்கு நான் சொன்னது இனிச் சரிவராது. குங்குமத்தை என்ர மகள்தான் வைப்பாள். இந்தப் பெட்டியிலும் இனி வாற எல்லாப் பெட்டியிலும் அவள்தான். நான் இடையில பூந்து செய்தது பிழை. உமக்கு ஏலாதெண்டால் இப்பவே சொல்லும், ஒரு கோவமுமில்லை."



"சேர்... எனக்கு ஒண்டுமில்லை. அம்மா..."

"கேட்டிட்டுச் சொல்லும்."

மறுநாட் காலை மகளின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. திருமணப் பெட்டிகள் வேண்டாமாம். வேறேதும் தேவையானால் பிறகு பார்ப்போமாம். மகள் அதைக் கடைச் சாமான் பட்டியல் வாசிப்பதுபோல வாசித்துக் காட்டினாள். பிறகு ஒட்டுநாடாவை எடுத்து வெளியே வைத்தாள். பன்னிரண்டு பெட்டிகளையும் பிரித்து, நான் நிரப்பியிருந்த சிமிழ்களைத் திறந்து, குங்குமத்தைப் போத்தலிற் கொட்டினாள். வளையல்களைத் தனியே எடுத்து அடுக்கினாள். நான் உதவ எழுந்தேன்.

"இருங்கோ அப்பா. நான் செய்வன்."

செய்தி பரவி, அந்த மாதத்தில் மேலும் இருவர் விலகினர். பிறந்தநாட் பெட்டிகள் மட்டும் சில போயின. உப தபாலகத்துப் பெண்மணி என் சைக்கிளின் பின்புறத்து வெறும் கரியலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்ன வாத்தியார், கலியாணக் காலம், உங்கட பெட்டியளைக் காணேல்ல?"

"குறைஞ்சிட்டுது பிள்ளை."

அவர் முத்திரைத்தாளை மடித்து வைத்தார். "வவுனியாவில என்ர தங்கச்சியின்ர பெட்டை பெரியபிள்ளையாயிட்டாள், சாமத்திய வீடு வருகுது. ஒரு பெட்டி வேணும். மஞ்சள், குங்குமம், வளையல், எல்லாம் வைச்சு."

நான் தயங்கினேன். "குங்குமம் வைக்கிறது..."

"ஆர் வைக்கிறதெண்டு எனக்குத் தெரியும். இந்த ஊரில அது தெரியாத ஆள் ஆர்? வளையல் உடையாமல் போகோணும், அவ்வளவுதான். உடைஞ்சால் நான்தான் பதில் சொல்லோணும், தபால் கந்தோரில வேலை செய்யிறவள் எண்டு தங்கச்சி என்னைத்தான் கிழிப்பாள். அட்டையில ஒரு வரி காணும் வாத்தியார், புராணம் வேண்டாம்."

மறுநாட் பிற்பகல் நாங்கள் பழையபடி மேசையின் எதிரெதிர்ப் புறங்களில் அமர்ந்தோம். பேனாவை மகள் என் பக்கம் தள்ளினாள். சிமிழைத் தன் முன் வைத்துக்கொண்டாள். போத்தலைச் சாய்த்துக் குங்குமத்தை நிரப்பிப் பெருவிரலால் அழுத்தினாள். நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் அறிவாள், அவசரப்படவில்லை. மூடியைத் திருகிப் பெட்டியில் வைத்துவிட்டு, விரலைத் துணியில் துடைத்தாள்.

நான் அட்டையில் ஒரே வரி எழுதினேன். நெடுநாள் எழுதாத கை. அன்று உண்மையாகவே நடுங்கியது.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"எழுத்துச் சரியுது அப்பா. வேற அட்டை எடுங்கோ."

வேறோர் அட்டை எடுத்தேன்.