வரேன்

ரயில் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டியதும் பானுவும் ரேவதியும் முதுகுப்பைகளை மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் அவர்கள் இறங்கிவிடுவார்கள். நான் ஜங்ஷன் வரை போக வேண்டும். பனிமலையில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நடந்த அந்த நாளின் சேறு, மூவர் ஷூவிலும் இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கிறது.

எதிர் சீட்டு அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எந்த மலைக்குப் போயிட்டு வரீங்க?" என்று கேட்கிறார்.

"இமயமலைங்க."

"அங்க என்ன சாமி?"

"சாமி கும்பிடப் போகலைங்க. சும்மா நடந்தோம்."

"அவ்வளவு தூரம் போயி சும்மாவா நடந்தீங்க?"

குனிந்து ஷூவில் காய்ந்த சேற்றைத் தட்டிவிடுகிறேன். அன்று நான்தான் முன்னால் நடந்தேன். ஒவ்வொரு வளைவிலும் நின்று திரும்பிப் பார்ப்பேன். மூடுபனிக்குள்ளிருந்து பானு, "வரேன்" என்று குரல் கொடுப்பாள். அவர்கள் வந்து சேரும்வரை அங்கிருந்து நகர மாட்டேன்.

ஸ்ரீரங்கம் வந்துவிட்டது. வழியனுப்ப வாசல் வரை போகிறேன். இருவரும் இறங்குகிறார்கள். ரயில் நகரத் தொடங்கும்போது பானு திரும்பிப் பார்த்து, "வரேன்" என்கிறாள்.

ரயில் காவிரிப் பாலத்தில் ஏறிவிட்டது. நான் இன்னும் வாசலிலேயே நிற்கிறேன், அவள் வந்து சேரட்டும் என்று.