கரண்டுச் சாணை வந்த பிறகு

ஆம்பூரில் எங்கள் மர மில்லின் வட்ட ரம்பத்துக்கு ஐம்பத்தாறு பற்கள். ஐம்பத்தைந்தாக இருந்திருக்குமோ என்ற கவலை இந்த வயதிலும் என்னை விடவில்லை.

தோல் ஏற்றும் பெட்டிகளுக்கு அப்பா பலகை அறுத்துக் கொடுத்தார். தோல் பதனிடும் டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, எங்களுக்கும் அப்படியே. அன்று அப்பா ரம்பத்தைக் கழற்றி வேப்பமரத்தடிக்குக் கொண்டுவருவார். வாணியம்பாடியிலிருந்து ஓர் அண்ணன் சைக்கிளில் வந்து, அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவிக் கூராக்குவார். மில் ஆட்கள் இல்லாததால், ரம்பம் அசையாமல் எதிரே உட்கார்ந்து பிடித்துக்கொள்வது அத்தை. அப்பாவின் தங்கை; கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. பல்லை எண்ணிச் சொல்வது நான்.

மரத்தூளும் ஊறுகிற தோலின் வாடையும் கலந்த காற்றில் அரம் போய்ப் போய் வரும். ரம்பத்தில் பட்ட வெயில் அத்தையின் முகத்தில் நடுங்கும். முப்பதாவது பல்லுக்குள் எனக்குக் கண் சொக்கிவிடும். விழித்துப் பார்த்தால் அவர்கள் இன்னும் முப்பதிலேயே இருப்பார்கள்.

இந்த நேரத்தில்தான் சித்தப்பா பட்டணத்திலிருந்து கரண்டில் சுற்றும் சாணைக்கல் வாங்கி வந்தார். பொறி பறக்க, நான் எண்ணி முடிப்பதற்குள் ரம்பம் தயார். அப்பா இரண்டு விதமாகவும் அறுத்துப் பார்த்தார். வித்தியாசமில்லை.

“கரண்டு கல்லுல பல்லு கறுத்துப்போவுதுண்ணே,” என்றாள் அத்தை.

“கறுத்தா இன்னா? ரம்பத்துக்கு மாப்பிள்ளையா பாக்கப் போறோம்?” என்றார் சித்தப்பா.

அப்பா சிரித்துவிட்டு, இனிமேல் கரண்டுதான் என்று முடித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அந்த அண்ணன் வந்தார். “இந்தப் பக்கமா வந்தேன். வேற எதுனா வேலை இருக்குதா?” அத்தை அரிவாள்மணையைக் கொண்டுவந்து வைத்தாள். மறுவாரம் கோடரி. அதற்கடுத்து கத்திகள், துருவுமணை. வீட்டிலிருந்த ஏழு சாமான்களும் கூராயின. அம்மா விரலில் துணி சுற்றிக்கொண்டு சமைத்தாள்.

“கத்திரிக்காய் கம்மி, என் ரத்தம் ஜாஸ்தி. இந்த வீட்ல இனிமே தீட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, சொல்லிட்டேன்,” என்றாள்.

அது வியாழக்கிழமை. சாயங்காலம் பின்கட்டுக்குப் போனேன். துவைக்கிற கல்லில் அத்தை அரிவாள்மணையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாய்த்துப் பிடிக்காமல், கூர்முனையையே கல்லில் செங்குத்தாக அழுத்தி இழுத்தாள். இத்தனை வெள்ளிக்கிழமை பக்கத்திலிருந்து பார்த்தும் அத்தைக்குச் சாணை பிடிக்க வரவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

“அத்தே, அப்டி தேச்சா மழுங்கிப்பூடும்.”

“அப்டியா?” என்றாள். கை நிற்கவில்லை.

“பரவால்ல. நாளைக்கு அவரு வந்தா சரி பண்ணிடுவாரு,” என்று ஆறுதல் சொன்னேன்.

அத்தை நிமிர்ந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். விரலில் இரும்பு வாசனை அடித்தது. பிறகு துருவுமணையை எடுத்து, அதன் பற்களையும் அதே மாதிரி தப்பாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.