ஒருக்கால் படுத்துப் பாருங்கோ

வீடு பாத்துச் சொல்லுறதுதான் என்ரை தொழில் எண்டால் பாதிப்பேர் என்னைச் சாத்திரக்காரர் எண்டு நினைச்சு வாசல் எந்தப் பக்கம் இருக்கவேணும் எண்டு கேக்கினம், மிச்சப்பேர் புரோக்கர் எண்டு நினைச்சுக் காணி ஏதும் கிடக்கோ எண்டு கேக்கினம்.

இரண்டுமில்லை. முந்திக் கட்டட வேலை மேற்பாக்கிற உத்தியோகம். அதை விட்டாப்பிறகு, வீடு வாங்கப்போறவை, திருத்தப்போறவை, வெளிநாட்டிலை இருந்துகொண்டு மேலை ஒண்டு எழுப்பப்போறவை கூப்பிட்டால் அளவெட்டியிலை இருந்து மோட்டச்சைக்கிளிலை போய்ப் பாத்து, எது நிக்கும் எது நிக்காது எண்டு சொல்லுறன். ஒரு மடக்கு ஏணி, ஒரு சுத்தியல், ஒரு ரோச் லைற். ஆயுதம் அவ்வளவுதான். நீங்களும் வீட்டோடை மாரடிக்கிற ஆக்களாத்தான் இருப்பியள், மாரி மழைக்கு எந்த மூலையிலை வாளி வைக்கவேணும் எண்டு தெரிஞ்ச ஆக்கள். அதாலை உங்களோடை மறைக்காமல் கதைக்கலாம்.

பெயின்ற் மணம்

எங்கடை சனத்திட்டை ஒரு பழக்கம். வீட்டுக்கு ஆராவது வரப்போயினம் எண்டால் முதல் வேலை பெயின்ற் அடிக்கிறது. கலியாணமோ, கனடாவிலை இருந்து தமையன் வாறாரோ, வீட்டை வாங்க ஆள் வருதோ, எல்லாத்துக்கும் ஒரே மருந்து. வீடு பாக்க நான் வாறன் எண்டாலும் அடிக்கினம். எனக்கு வாற கோபத்தைக் கேளாதேங்கோ. டொக்டரிட்டைப் போகேக்கை முகத்துக்குப் பவுடர் பூசினால் காய்ச்சல் மாறுமோ? ஈரம் ஊறின சுவரிலை நீங்கள் பெயின்ற் அடிச்சால் அந்த ஈரம் வெளியிலை வர வழியில்லாமல் உள்ளுக்கை நிண்டு சாந்தைத் திண்டுபோடும். வீடு பாக்க ஆளைக் கூப்பிட்டால் சுவரை இருந்தபடி விடுங்கோ. கறையும் வெடிப்பும்தான் வீடு எங்களோடை கதைக்கிற கதை.

கொடிகாமத்திலை ஒரு தோட்டக்காரர், மகளுக்குக் குடுக்கிற வீட்டைப் பாக்கக் கூப்பிட்டவர். முன்பக்கம் முழுக்கப் புதுப் பெயின்ற், கை வைச்சால் ஒட்டுது. பின்பக்கம் போனால் குசினிச் சுவர் நெஞ்சுமட்டத்துக்கு உப்புப் பூத்துக் கிடக்கு. இதை ஏன் விட்டனியள் எண்டு கேட்டன். மனிசன் நிதானமாச் சொன்னார்: "தம்பி, முன்னாலை இருக்கிறது வாறாக்களுக்குக் காட்டிற வீடு. நாங்கள் இருக்கிறது இஞ்சை பின்னாலை."

தண்ணிதானே

ரவி கனடாவிலை இருந்து கூப்பிட்டது போன சித்திரைக்குப் பிறகு. ஆள் பிறந்து வளந்த வீடு வல்வெட்டித்துறையிலை, கடலுக்குக் கிட்ட. தமக்கை புவனம் அக்காவுக்குச் சீதனமாக் குடுத்த வீடு. அவவும் புருசன் செல்வராசா அண்ணையும்தான் அங்கை இருக்கினம். செல்வராசா அண்ணைக்குக் கடைசிச் சண்டையிலை முதுகிலை பட்டது, இடுப்புக்குக் கீழை உணர்வில்லை. அதுக்குப் பிறகு கட்டிலும் சக்கரக் கதிரையும்தான்.

பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரப்போறன், ரெடிமேட் நீச்சல் தடாகம் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன், அதை மொட்டைமாடியிலை வைச்சால் பிள்ளையள் கடலைப் பாத்துக்கொண்டு குளிக்குங்கள், வைக்கலாமோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ எண்டார். பிள்ளையளுக்குச் சொல்லியும் போட்டாராம். நான் சொன்னன், மொட்டைமாடி எண்டுறது மழையைத் தாங்கப் போட்ட கொங்கிறீற் பிளேட், குளத்தைத் தாங்க இல்லை. ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரத்துக்குத் தண்ணி நிண்டாலே அது ஒரு தொன். நீங்களும் இதை மனதிலை வைச்சிருங்கோ. தண்ணித் தாங்கியோ, மீன்தொட்டியோ, பூச்சாடி வரிசையோ, மேலை ஏத்த முதல் கீழை என்ன இருக்கெண்டு பாருங்கோ. கீழை ஆர் படுக்கினம் எண்டும் பாருங்கோ.

ரவி கேட்டார்: "என்ன அண்ணை, தண்ணிதானே? கல்லில்லையே?"

காத்துக் கூட எண்டு சொல்லுங்கோ

போய்ப் படலையைத் திறக்கேக்கையே பெயின்ற் மணம். எனக்கு உச்சியிலை ஏறிச்சுது. ஆனால் புவனம் அக்காவைக் கண்டால் ஏச மனம் வராது. மெலிஞ்ச மனிசி, கையிலை எப்பவும் ஒரு துணி, எதையாவது துடைச்சுக்கொண்டே நிப்பா. முதல் மேலை ஏறினன். பிளேட்டின்ரை நடுப்பகுதியிலை பாசி படிஞ்சு கிடந்தது. தண்ணி நிண்ட இடம். தண்ணி நிக்குதெண்டால் பிளேட் தாழ்ந்திருக்கெண்டு அர்த்தம். ஓரத்திலை கம்பி வெளியிலை தெரிஞ்சு, துருக்கறை சுவராலை வடிஞ்சிருக்கு. சண்டை நிண்டிருந்த ஒரு இடைவெளியிலை, அண்ணை நல்லா நடமாடின காலத்திலை போட்ட பிளேட். நல்ல மண் ஏத்தி வர வழியில்லை எண்டு பின்னாலை கிடந்த கடல்மண்ணையே அள்ளிக் குழைச்சிருக்கினம். கரையோரத்திலை கனபேர் விட்ட பிழை. உப்பு உள்ளுக்கை இருந்து கம்பியை அரிச்சுக்கொண்டே இருக்கும், வெளியிலை ஒண்டும் தெரியாது.

தாழ்ந்த இடத்துக்கு நேர் கீழை அண்ணையின்ரை அறை. அவர் நித்திரை, எழுப்பவேண்டாம் எண்டு அக்கா வாசல்லை மறிச்சுக்கொண்டு நிண்டா. நான் எட்டிப் பாத்தன். சுவரெல்லாம் பழைய மங்கல், மேல்முகடு, பிளேட்டின்ரை அடிப்பக்கம், மட்டும் புதுசா இளநீலம். பெயின்ற் அடிக்கிறவை எங்கேயும் சுவரை விட்டிட்டு முகட்டுக்கு மட்டும் அடிப்பினமே?

என்னைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணியைக் கையிலை தந்து, மெல்லிசாச் சொன்னா. மேலை வெடிச்சுக் கிடக்கு, அவருக்குத் தெரியாது, தெரிஞ்சால் அந்த மனிசன் எப்பிடி அதுக்குக் கீழை கண் மூடும்? எழும்பி ஓட ஏலாத ஆள். வேறை அறையிலை விடவும் ஏலாது, சக்கரக் கதிரை போகக்கூடிய குளியலறை அந்த ஒரு அறையோடைதான் கிடக்கு. தம்பிக்காரனுக்கும் மாட்டன் எண்டு சொல்லேலாது, இவரின்ரை வைத்தியம் முழுக்கப் பாத்தது அவன்தான். சொல்லி முடிச்சுத் துணியாலை மேசையைத் துடைச்சுக்கொண்டு கேட்டா: "மேலை கடல்காத்துக் கூட, பிள்ளையளுக்கு ஒத்துவராது எண்டு சொல்லுங்கோவன் தம்பி. பிளேட்டைப் பற்றிக் கதையாதேங்கோ."

கட்டிலுக்குப் பக்கத்திலை

அந்த நேரம் படலையடியிலை மீன்காரர் கூப்பிட, அக்கா வெளியிலை போனா. அறைக்குள்ளை இருந்து குரல் வந்தது, "தம்பி, இஞ்சை வாரும்." நித்திரை எண்ட மனிசன் கண்ணை நல்லா முழிச்சுக்கொண்டு கிடக்கிறார். நரைச்ச தாடி, தோளெல்லாம் இப்பவும் வள்ளம் இழுத்த தோள். மேலை பாத்தீரோ எண்டு கேட்டார். பாத்தன் எண்டன். நிண்டு பாத்தால் தெரியாது, கீழை படுத்துப் பாரும் எண்டார்.

வாழ்க்கையிலை எத்தினையோ வீடு பாத்திருக்கிறன், ஒருத்தரும் என்னைப் படுக்கச் சொன்னதில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலை வெறும் நிலத்திலை மல்லாந்து படுத்தன். யன்னல் வெளிச்சம் முகட்டிலை சாய்வா விழுந்துகொண்டிருந்தது. நிண்டுகொண்டு அண்ணாந்து பாக்கேக்கை இளநீலமாத் தெரிஞ்சது, படுத்துக் கிடந்து பாக்கேக்கை வயிறு மாதிரிக் கீழை தொங்கிக்கொண்டிருந்துது. வெடிப்பு பெயின்ற்றுக்குக் கீழாலை சுவர்க்கரையிலை தொடங்கி நேரே அவரின்ரை நெஞ்சுக்கு மேலை வந்து நிக்குது.

அவர் முகட்டைப் பாத்தபடியே கதைச்சார். முதல் மயிர் மாதிரி ஒரு கோடாம். பிறகு ஒவ்வொரு மாரிக்கும் நீண்டுதாம். சிலவேளை மூக்கிலை சாந்துத் தூள் விழுமாம், மனிசி வர முதல் துடைச்சுப்போடுவாராம். ஏன் அண்ணை சொல்லேல்லை எண்டன். சொன்னால் அவள் என்ன செய்வாள், என்னைத் தூக்கிக்கொண்டு எங்கை போவாள் எண்டார். பிறகு சொன்னார்: "முந்தநாள் ஏறி நிண்டு பெயின்ற் அடிக்கேக்கை அவள் அழுதவள் தம்பி. நான் நித்திரை மாதிரிக் கிடந்தனான்."

விழுமோ விழாதோ

வீடு பாக்கிறவன் மற்றவையின்ரை குடும்பத்துக்குள்ளை தலை போடக்கூடாது எண்டு எனக்கு ஒரு கொள்கை இருந்தது. அண்டைக்கு அது சரிவரேல்லை. காத்துக் கூட எண்டு சொல்லிப்போட்டு நான் அளவெட்டிக்குப் போய்ப் படுக்கலாம். இந்த மனிசன் எங்கை படுக்கிறது? அக்கா மீன்சட்டியோடை உள்ளுக்கு வர, ரவியைப் போனிலை எடுத்து, மூண்டு பேருக்கும் கேக்க அந்த அறையுக்குள்ளையே நிண்டு சொன்னன். நீச்சல் தடாகம் கிடக்கட்டும், இந்தப் பிளேட்டுக்கு இப்ப இருக்கிற பாரமே கூட. இண்டைக்கே கட்டிலை முன்விறாந்தைக்கு மாத்தவேணும், பனங்குத்தி வைச்சு முட்டுக் குடுக்கவேணும், பிறகு பிளேட்டை முழுக்க இடிக்கவேணும். பூசி மறைக்கிற வருத்தமில்லை இது.

புவனம் அக்காவின்ரை முகம் கறுத்துப்போச்சு. உங்களை நம்பித்தானே சொன்னனான் எண்ட மாதிரி என்னைப் பாத்தா. அந்தப் பார்வை இப்பவும் எனக்குக் கஷ்டம். குரலை உயத்தாமல் கேட்டா, இவ்வளவு காலமும் விழாதது நீங்கள் வந்து பாத்தாப்பிறகுதான் விழப்போகுதோ எண்டு. மறுமொழி கட்டிலிலை இருந்து வந்தது: "விழும் புவனம். நான் இதைத்தானே ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டு கிடக்கிறன்."

ரவி வந்தது

அண்டைக்குப் பின்னேரமே அயலுக்குள்ளை நாலைஞ்சு பேரைப் பிடிச்சுக் கட்டிலை விறாந்தைக்குக் கொண்டுவந்து, பிளேட்டுக்குப் பனங்குத்தி முட்டும் குடுத்தம். அக்கா என்னோடை கதைக்கேல்லை, ஆனால் தேத்தண்ணி தந்தா. குளிப்பாட்டிறது பின்னுக்குத் தறப்பாள் மறைப்புக் கட்டி, கிணத்தடிக்குப் பக்கத்திலை. கஷ்டம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. பிளேட்டை இடிக்கிறவை இதையும் யோசியுங்கோ. வீடு திருத்திற காலத்திலை வீட்டிலை இருக்கிற ஆக்கள் எங்கை இருக்கிறது எண்டதை முதல்லை முடிவெடுத்துப்போட்டு அலவாங்கைத் தூக்குங்கோ.

ரவி குடும்பத்தோடை வந்த கிழமைதான் மேசன்மார் இடிக்கத் தொடங்கினவை. மேலை நிண்டு ஒரு தட்டுத்தான் தட்டினவை. முட்டுக்கு இடையாலை பாளமாக் கழண்டு, கட்டில் கிடந்த இடத்திலை தொம்மெண்டு விழுந்தது. இளநீலப் பெயின்ற் அப்பிடியே ஒட்டிக்கொண்டிருக்கு. அக்கா குசினிக்குள்ளை போய்க் கதவைச் சாத்தினா. ரவி குனிஞ்சு ஒரு கம்பித் துண்டை எடுத்து விரலாலை நெரிக்க, அது பிஸ்கற் மாதிரி உதிர்ந்துது. நீச்சல் தடாகம் முற்றத்திலை பிரிக்காத பெட்டியாக் கிடந்தது. அதை ஒருக்கால் பாத்தார், முகட்டு ஓட்டையை ஒருக்கால் பாத்தார். "நான் இதுக்கு மேலையோ அண்ணை என்ரை பிள்ளையளை விடப் பாத்தனான்? அத்தானைக் கீழை வைச்சுக்கொண்டோ?"

தடாகத்தை முற்றத்திலை மட்டமான இடத்திலை வைச்சம். பிள்ளையள் கடலைப் பாக்காமலே சந்தோசமாக் குளிச்சதுகள்.

என்ன நிறம்

பிளேட் இனி வேண்டாம், மரம் போட்டு ஓடு வேய்ஞ்சு கீழை சீலிங் அடிப்பம் எண்டு முடிவாச்சு. பாரமும் குறைவு, பழுதெண்டால் கழட்டிப் பாக்கலாம். ரவி போனிலை சீலிங் படங்களைத் தட்டித் தட்டி அத்தானுக்குக் காட்டினார். முகில் போட்டது, பூப் போட்டது, சின்னச் சின்ன லைற் மினுங்கிறது. நாள் முழுக்கப் பாத்துக்கொண்டு கிடக்கிறவர், வடிவான ஒண்டாப் பாத்துக்கொண்டு கிடக்கட்டும் எண்டு ரவிக்கு ஆசை. எனக்கும் முகில் போட்டது பிடிச்சிருந்தது, சும்மா சொல்லக்கூடாது. புவனம் அக்கா சக்கரக் கதிரைக்குப் பின்னாலை நிண்டு, துணியில்லாத கையைப் புருசனின்ரை தோளிலை வைச்சுக்கொண்டு பாத்தா.

செல்வராசா அண்ணை எல்லாத்தையும் பாத்து முடிச்சுப்போட்டுப் போனைத் திருப்பிக் குடுத்தார். "வெறும் வெள்ளை போடு ரவி. கறை ஏதும் விழுந்தால் எனக்குத்தான் முதல்லை தெரியவேணும். தெரிஞ்சால் இனி உன்ரை அக்காட்டைச் சொல்லிப்போடுவன்."

இப்ப நான் ஏணி, சுத்தியல், ரோச் லைற்றோடை ஒரு பாயும் கட்டிக்கொண்டுதான் வீடு பாக்கப் போறன், பாயைக் கண்ட சனம் மனிசன் தங்கப்போகுது எண்டு நினைச்சு எனக்கும் சேத்து உலை வைக்குதுகள்.