முன்கண்ணாடி மூலையில் ஒழுகிய மழை

என் கணவருக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். காரைக்குடியிலிருந்து சிவகங்கைக்கு எங்கள் பழைய காரில் நான்தான் அழைத்துப் போவேன். போன ஐப்பசியில் ஒருநாள், காளையார்கோவில் தாண்டியதும், கொட்டுகிற மழையில் வைப்பர் நின்றது. அடுத்த நிமிடம் இன்ஜினும் அணைந்துவிட்டது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தபடி உரசுவதுபோல் விலகிப் போனது. என் கணவரின் காலடி விரிப்பு சொதசொதவென்று நனைந்திருந்தது. அந்த வழியாக வந்த வேன்காரர் ஒருவர்தான் எங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்.

ஃப்யூஸ் பெட்டிக்குள் தண்ணீர் போயிருப்பதாக மெக்கானிக் சொன்னார். அதைச் சரிசெய்து, கதவு ரப்பர்களையும் மாற்றித் தந்தார். அன்று மாலைத் தூறலிலேயே விரிப்பு மறுபடி நனைந்தது. அடுத்த டயாலிசிஸுக்கு ஒரே ஒரு பகல்தான் இடையில் இருந்தது.

காலையில் நாங்களே தேடினோம். உள்ளே துடைத்துக் காயவைத்து, கண்ணாடி ஓரமெல்லாம் முகப்பவுடரைத் தடவினேன். அவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார்ந்துகொண்டார். நான் வெளியே ஹோஸைப் பிடித்து, கீழிருந்து மெல்ல மேலே ஏற்றினேன். கதவுகளில் ஒன்றுமில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது. இறங்கச் சொன்னேன், கேட்கவில்லை. முன்கண்ணாடியின் இடது மேல்மூலைக்கு வந்தபோது உள்ளிருந்து தட்டினார்.

"நிறுத்து. இங்குட்டுத்தான் இறங்குது."

பவுடரில் நூல்போல ஒரு கோடு. கல் பட்டு உடைந்ததால் முந்தின வருடம் மாற்றிய கண்ணாடி அது. அந்த மூலையில் பசை பிடிக்கவே இல்லை.

கண்ணாடிக் கடைக்காரர் கழற்றி, பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டினார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வண்டிய எடுத்துறாதீக" என்றார்.

டயாலிசிஸோ காலையில். ஒரு தடவை தள்ளிப்போடலாமா என்று இவர் கேட்டார். கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது.

"அதெல்லாம் முடியாது. பஸ்ஸுல போவோம்" என்றேன். போனோம். வழியெல்லாம் என் தோளில் சாய்ந்தபடி வந்தார்.

அதற்கடுத்த முறை காரை எடுத்தேன். கல்லலிலேயே மழை பிடித்துக்கொண்டது. அவர் கண்ணாடி ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். நான் கேட்கப் பயந்து சாலையையே பார்த்து ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"காஞ்சுதான் இருக்கு."

குனிந்து அவர் காலடி விரிப்பை நானும் தொட்டுப் பார்த்தேன். பிறகு இறங்கிப்போய் அவர் பக்கக் கதவைத் திறந்தேன்.