மிஸ்டருக்கு வைத்த சோறு

பலெர்மோவின் பல்லாரோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோதுதான் செய்தி வந்தது. மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் எங்கள் யோகன் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

“அண்ணை, உங்கட மிஸ்டர் மோசம் போயிட்டாராம்.”

“எந்த மிஸ்டர்?” என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரேயொரு மிஸ்டர்தான். இருந்தாலும் கேட்டேன்.

“ஜப்பான்காரர்தான். நித்திரையிலயே உயிர் போயிட்டுதாம். வேலைக்கு வரேல்லை எண்டு எங்கட முதலாளி சிஞ்ஞோரா ஆள் அனுப்பிப் பாத்தவ.”

கத்தரிக்காயைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல யோகன் எழுதுகிறான். பலெர்மோவில் எங்களோடு பந்து அடித்துவிட்டு இன்று லண்டனிலும் பிரான்சிலும் இருக்கும் தம்பிமார் இதைக் கேட்க வேண்டும்.

அவருடைய பெயர் மினேகிஷி. அந்தப் பெயர் எங்கள் வாயில் நிற்கவில்லை. இத்தாலியில் உதைபந்துப் பயிற்சியாளரை ‘மிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். முதல் நாள் அவர் வேலிக்கு வெளியே நின்று எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு வாசலால் வந்து, ஒருவரையும் பாராமல், மைதானத்தைப் பார்த்து இடுப்பை மடித்துக் குனிந்தார். எங்கள் கப்டன் தயாபரன் என் காதுக்குள் சொன்னான்:

“என்னண்ணை, வீட்டுத் திறப்புக் கிறப்பு விழுத்திப் போட்டாரோ?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். அன்றிலிருந்து அவர்தான் எங்களைப் பழக்கினார். அடுத்த மாரிக்குள் தயாபரனும் குனியாமல் மைதானத்தில் கால் வைப்பதில்லை.

ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது தன் கதையைச் சொன்னார். ஜப்பானில் ஒரு தொழிற்சாலை அணியில் இடதுபக்க ஆட்டக்காரராக இருந்திருக்கிறார். சிசிலியின் மறுகரையில் ஒரு சின்னக் கழகம் கூப்பிட, இளம் வயதிலேயே புறப்பட்டு வந்துவிட்டார். முதலாம் வருசம் ஊரே தோளில் தூக்கியது. இரண்டாம் வருசம் முழங்கால் போனது. அதன் பிறகு அந்த ஊரில் ஒருவருக்கும் அவர் பெயர் ஞாபகமில்லை. தோற்றுப்போய் வீட்டு வாசலில் நிற்க மனமில்லாமல் இங்கேயே பயிற்சியாளராகப் படித்துத் தேறினார். பலெர்மோவில் ஒரு கழகம் சின்னப் பிள்ளைகளைப் பழக்க அவரை வைத்திருந்தது. முதலாளி மாறியதும் அவரை நிற்பாட்டினார்கள். கடைசியில் யோகன் வேலை செய்யும் அதே மொண்டெல்லோ உணவகத்தில் மீன் வெட்டப் போனார்.

“ஜப்பான்காரன் எண்டால் பச்சை மீன் வெட்டத் தெரியும் எண்டு நினைக்கினம். நான் இஞ்சைதான் பழகினனான், அண்ணை,” என்று சிரித்தார். அவர் பேசியது உடைந்த இத்தாலியன், நான் விளங்கிக்கொண்டதும் அப்படித்தான். எனக்கு அதை எங்கள் பேச்சில்தான் சொல்ல வருகிறது.

பயிற்சியில் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். “பந்து வராத இடத்துக்கும் ஓடு. நீ அங்கை நிக்கிறாய் எண்டு மற்றவனுக்குத் தெரிய வேணும்.” வெயிலில் ஓடி ஓடி மூச்சு வாங்கும் தயாபரன், “பந்தும் வராது, தண்ணியும் வராது, சும்மா ஓடு எண்டுறார்” என்று புறுபுறுப்பான். ஆனாலும் ஓடுவான்.

கத்தானியாவிலிருந்து வந்த எங்கள் தமிழ் ஆட்களின் அணியை வென்ற அன்று எல்லோருக்கும் சோறும் ஆட்டுக்கறியும் கொடுத்தோம். ஜப்பான்காரருக்குக் கையால் சாப்பிட வராது, குச்சிதான் வேண்டும் என்று தயாபரன் தானாகவே நினைத்துக்கொண்டான். இறைச்சி குத்திச் சுடும் மூங்கில் குச்சி இரண்டை அளவாக முறித்து, சோற்றின் நடுவில் சாம்பிராணிக்குச்சி போல் நட்டு, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினான். மிஸ்டரின் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு மெல்லக் குச்சிகளைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்தார்.

“எங்கட ஊரில இப்பிடிக் குத்தி வைக்கிறது செத்த ஆளுக்கு.”

தயாபரன் அழாத குறை. மிஸ்டர் அவன் முதுகில் தட்டி, “பறவாயில்லை. எனக்கு ஒருத்தரும் வைக்காமல் விட்டிடுவினமோ எண்டுதான் பயம்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கையால் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். அவருக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் நான் சிரிக்கவில்லை.

பிறகு, தம்பிமாரே, உங்களுக்கு இத்தாலியப் பாஸ்போட் கிடைத்தது. பிள்ளைகளின் படிப்புக்காக ஒவ்வொருவராய் லண்டனுக்கும் பிரான்சுக்கும் போனீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தயாபரன் ஒருமுறை, “மிஸ்டர், ஏழு பேர்தான் இருக்கிறம்” என்றான். “அப்ப ஏழு பேர் ஆட்டம்” என்றார். பிறகு தயாபரனும் போனான். ஆட ஆளில்லாமல் போனது. ஞாயிறு காலையில் அவர் பந்துப் பையோடு வருவார், மைதானத்துக்குக் கோடு போடுவது எப்போதும் என் வேலை, நான் சுண்ணாம்பு வாளியோடு போவேன். இரண்டு பேருக்காக நான் கோடு போட்டேன். அவர் என்னைக் கோல் கம்பங்களுக்கு நடுவில் நிறுத்தி, என் வயதுக்குத் தக்கபடி மெதுவாக அடிப்பார்.

“அண்ணை, என்ர காலைப் பாக்காதேங்கோ. பந்தைப் பாருங்கோ.”

நான் பிடித்தால் கை தட்டுவார். அந்தப் பெரிய வெளியில் கேட்பது அந்தக் கைதட்டல் மட்டும்தான்.

அவரை எரித்து, சாம்பலை ஜப்பானில் இருக்கும் தமக்கைக்கு அனுப்பிவிட்டார்கள். சிஞ்ஞோரா நல்ல மனிசி, எல்லாம் ஒழுங்காகச் செய்தார். பலெர்மோவில் போய் நின்று கும்பிட ஒரு கல் கூட இல்லை. எங்கள் முறைப்படி செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்வது பிள்ளை. நான் பிள்ளையுமில்லை, இனசனமுமில்லை. அவருடைய முறையில் என்ன செய்வார்கள் என்பதில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

முப்பத்தோராம் நாள் சோறும் ஆட்டுக்கறியும் சமைத்தேன். மைதானத்து வாசலில் குனிந்து, இளமையில் அவருடைய இடமாக இருந்த இடதுபக்க மூலைக்கு நடந்து போய், தட்டை வைத்தேன். நடுவில் இரண்டு மூங்கில் குச்சியை நட்டேன். காற்று ஒன்றைச் சாய்த்தது. சோற்றை இறுக்கி அமத்தி, திரும்பவும் நிமிர்த்தினேன்.

“மிஸ்டர், வைச்சாச்சு,” என்றேன்.

பிறகு வாளியை எடுத்து அந்தப் பக்கக் கோட்டைப் போட்டேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஞாயிற்றுக்கிழமைதான். இப்போதும் போகிறேன். பந்து வராது என்று தெரியும். கம்பங்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன்.